டாமி ஃபிளானகன்: ஒரு பியானோ வாழ்க்கை – பகுதி 5: பாடகியின் பின்னால்

டெட்ராய்ட் நகரின் கானன்ட் கார்டன்ஸ் பகுதியில் 1930 மார்ச் 16 அன்று, அஞ்சல் ஊழியர் ஒருவரின் 6 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த டாமி ஃபிளானகன், முதலில் கிளாரினெட்டும் பின்னர் பியானோவும் கற்று, கொரியப் போர்க் காலத்தில் ராணுவச் சேவையை முடித்துத் திரும்பி, 1956-இல் கிட்டார் கலைஞர் கென்னி பர்ரெலுடன் நியூயார்க்கில் குடியேறியதையும், வந்த சில மாதங்களுக்குள்ளாகவே மைல்ஸ் டேவிஸ், சானி ராலின்ஸ் ஆகியோரின் பதிவுகளில் இடம்பெற்றதையும் முந்தைய பகுதிகள் விவரித்தன.

சென்ற பகுதி 1959 மே மாதத்தில் நின்றது. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு அப்போதுதான் நடந்தது. கார்டு என்பது ஒரே வேளையில் சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதி. ஜாஸ் கலைஞர் தம் கற்பனைச் சுரங்களை அந்தந்தக் கார்டுக்குப் பொருந்தும்படி அமைத்தாக வேண்டும். இந்த உருப்படியிலோ, கார்டுகள் பெரும்பாலும் இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாறுவதோடு, ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று சுருதிகளுக்கிடையே கடும் வேகத்தில் தாவிக்கொண்டும் இருந்தன.

சில வாரங்களுக்கு முன் இதே உருப்படியைக் கோல்ட்ரேன் பதிவுசெய்ய முயன்றபோது, பியானோவில் அமர்ந்திருந்த சீடர் வால்ட்டன் தனி வாசிப்பையே தவிர்த்துவிட்டார். ஃபிளானகன் தவிர்க்கவில்லை. அவருடைய சுர வரிகள் அங்கங்கே அறுந்தன. இறுதியில் அவர் வெறும் கார்டுகளில் அடைக்கலம் புகுந்தார். கோல்ட்ரேன் மீண்டும் உள்ளே வந்து உருப்படியை முன்னெடுத்துச் சென்றார். அந்தப் பதிவே இசைத்தட்டாக வெளிவந்தது.

அதே பதிவில், கோல்ட்ரேன் வாசிக்கும் நேரமெல்லாம், மாறிக்கொண்டேயிருக்கும் கார்டுகளை உரிய இடத்தில் வைத்து அவருக்குத் தரையாக நின்றதும் ஃபிளானகனின் கைகளே. ஆனால் துணை நின்ற நிமிடங்கள் மறக்கப்பட்டன. தடுமாறிய நொடிகள் தலைமுறைகளாகப் பேசப்பட்டன.

இந்த முரண் அவருடைய வாழ்வின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானித்த விதமே இந்தப் பகுதியின் பொருள்.

* * *

கூலியும் பங்கும்

1960-ஆம் ஆண்டு நம்பிக்கையோடுதான் தொடங்கியது. ஜனவரியில் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியின் புகழ்பெற்ற பதிவொன்றில் வாசித்த ஃபிளானகன், அதே ஆண்டு தம் பெயரிலேயே ஒரு மூவர் குழுத் தட்டையும் வெளியிட்டார். மூவர் குழு என்பது பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகிய மூன்று வாத்தியங்கள் மட்டுமே கொண்ட அமைப்பு. அதில் மெட்டும் கற்பனையும் பெரும்பாலும் பியானோவின் பொறுப்பு என்பதால், ஒரு பியானோ கலைஞரின் முழு உருவம் தெரிவது அங்கேதான்.

அதற்குப் பின் 1975 வரை, ஏறத்தாழ 15 ஆண்டுகள், அவர் தலைமையில் ஒரு தட்டும் பதிவாகவில்லை.

திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. சாக்ஸபோன் வாத்தியத்துக்கு ஜாஸ் உலகில் இலக்கணம் வகுத்தவராக மதிக்கப்பட்ட கோல்மன் ஹாக்கின்ஸ், அந்த ஆண்டுகளில் தம் நால்வர் குழுவின் பியானோவை ஃபிளானகனிடமே ஒப்படைத்திருந்தார். 1962-இல் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் மன்றத்தில் நேரடியாகப் பதிவுசெய்யப்பட்ட தட்டு அந்தக் கூட்டணிக்குச் சான்றாக நிற்கிறது.

காரணம் தொழிலின் கணக்கில் இருந்தது. பிறர் தலைமையில் வாசிக்கும் கலைஞருக்குப் பதிவு ஒன்றுக்கு இசைக்கலைஞர் சங்கம் வகுத்த அளவிலான கூலி கிடைக்குமேயன்றி, தட்டு எத்தனை ஆண்டு விற்றாலும் விற்பனையில் பங்கு கிடைப்பது அரிது. ராலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ போன்ற தட்டுகள் தொடர்ந்து மறுபதிப்புக் கண்டபோதும், பின்னட்டையில் சிறிய எழுத்தில் அச்சான பெயர்களுக்கு அதனால் பெருகியது மதிப்பே தவிர வருவாயன்று.

இதற்கிடையே ராக் இசை இளைஞர்களை ஈர்க்க, 1964-இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் கால் வைத்த பின், ஜாஸ் மன்றங்களின் கூட்டமும் பதிவு நிறுவனங்களின் ஆர்வமும் ஒருசேரக் குறைந்தன. டெட்ராய்டிலிருந்து வந்த தலைமுறையின் பல கலைஞர்கள் நடன அரங்குகளிலும் தொலைக்காட்சி வாத்தியக் குழுக்களிலும் பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

குடும்பத் தலைவரான ஃபிளானகனுக்கு, மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளம் என்பது அலட்சியப்படுத்தக் கூடியதாக இல்லை. அப்படியொரு வாய்ப்பு 1963-இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவிலிருந்து வந்தது.

* * *

ஃபிட்ஸ்ஜெரால்டின் மேடை

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அப்போது தம் புகழின் உச்சத்தில் இருந்தார். கோல் போர்ட்டர் தொடங்கி அமெரிக்கப் பாடலாசிரியர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு அவர் பாடிய பாட்டுத் தொகுப்புகள், ஜாஸ் கேட்காத வீடுகளுக்குள்ளும் அவரைக் கொண்டுசேர்த்திருந்தன. அவருடைய மேலாளர் நார்மன் கிரான்ஸ், ஐரோப்பாவின் பெரிய கச்சேரி அரங்குகளை ஜாஸ் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டதில் முன்னோடி.

ஃபிளானகனுக்கு இந்த மேடை முற்றிலும் புதிதன்று. 1956-இல், நியூயார்க் வந்த புதிதில், சிறிது காலம் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாசித்திருக்கிறார். அதைவிட முக்கியமானது மரபுத் தொடர்ச்சி. 1940-களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் இதே பாடகிக்குப் பியானோ வாசித்தவர் ஹாங்க் ஜோன்ஸ். டெட்ராய்டை ஒட்டிய பான்டியாக் நகரில் வளர்ந்த அவரே இளம் ஃபிளானகனின் முன்மாதிரிகளில் ஒருவர். இன்னொரு முன்மாதிரியான டெடி வில்சன், 1935 முதல் பில்லி ஹாலிடேயின் குரலுக்குப் பின்னால் வாசித்த பதிவுகளின் மூலம், பாடகிக்குத் துணை நிற்பது எப்படி என்பதற்கே ஓர் அளவுகோலை வகுத்தவர்.

எனவே, பாடகியின் பின்னால் அமர்வதைத் தரம் தாழ்ந்த பணியாகக் கருதும் எண்ணம் ஃபிளானகன் வளர்ந்த மரபில் இல்லை. அந்த எண்ணம் விமர்சகர்களிடமும் பதிவு நிறுவனங்களிடமுமே இருந்தது.

* * *

வாசிக்காமல் விடும் கலை

பிறருக்குத் துணையாகக் கார்டுகள் வாசிப்பதை ஜாஸ் கலைஞர்கள் காம்பிங் என்பார்கள். கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும் இதில், எதை வாசிப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே கடினமான முடிவு.

கார்டின் அடிச்சுரத்தைப் பாஸ் வாத்தியம் வாசித்துவிடுவதால், பியானோவின் இடக்கை அதை மீண்டும் அழுத்தினால் ஒலி கனத்துவிடும். பாடகியின் குரல் உலவும் எல்லைக்குள் வலக்கை நுழைந்தால் சொற்கள் மங்கும். மெட்டையே பியானோவும் வாசித்தால் அதை விட்டு விலகிக் கற்பனை செய்யும் உரிமை பாடகிக்குக் குறையும். எஞ்சுவது நடுவிலுள்ள ஒரு குறுகிய வெளி. இரண்டு மூன்று சுரங்களைக் கொண்டே கார்டின் இயல்பைச் சொல்லி, அடுத்த கார்டுக்கு வழிகாட்டிவிட்டு ஒதுங்க வேண்டிய இடம் அது.

பழைய அமெரிக்கப் பாடல்கள் பலவற்றுக்கு வெர்ஸ் எனப்படும் முன்பகுதி உண்டு. தமிழ்த் திரைப்பாடல்களின் தொகையறாவைப் போல அது தாளக்கட்டில்லாமல் பாடப்படுவது. டிரம்ஸ் மௌனமாக இருக்க, பியானோ மட்டுமே உடன்வரும். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு செல்ல வழியில்லாத அந்த நேரத்தில், பாடகி எங்கே மூச்செடுப்பார், எந்தச் சொல்லை நீட்டுவார் என்பதை முன்னுணர்ந்து, அவருடைய சொல் முடியும் கணத்தில் கார்டு விழுமாறு பார்த்துக்கொள்வதே பக்கவாத்தியக்காரரின் தேர்ச்சி.

முதல் வாத்தியமாகக் கிளாரினெட்டை ஊதிப் பழகியவருக்கு, மூச்சு முடியும் இடமே வாக்கியம் முடியும் இடம் என்பது உடலறிந்த பாடமாக இருந்தது.

இவற்றோடு, ஃபிட்ஸ்ஜெரால்டிடம் தனித்த சிக்கலொன்றும் இருந்தது. ஸ்கேட் என்பது சொற்களைக் கைவிட்டுப் பொருளற்ற அசைகளால் ஒரு வாத்தியத்தைப் போலவே கற்பனை செய்து பாடும் முறை. அதில் ஒப்பாரற்றவரான அவர், ஒரு பாட்டின் நடுவே வேறு பல பாட்டுகளின் துணுக்குகளைக் கோத்துக்கொண்டே போவார். ஒவ்வொரு துணுக்கையும் முதல் சில சுரங்களிலேயே அடையாளம் கண்டு, அதற்கேற்பப் பின்னணியை வளைக்க, பியானோ கலைஞரின் நினைவில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் தயாராக இருந்தாக வேண்டும்.

* * *

சில்வண்டுகளின் இரவு

இந்தக் கூட்டணியின் இயல்பைக் காட்டும் தருணம் ஒன்று 1964 ஜூலை இறுதியில் பதிவாகியுள்ளது. பிரான்சின் தென்கடற்கரையில், ழுவான்-லெ-பான் என்ற ஊரில், கடலோரப் பைன் மரங்களுக்கிடையே திறந்தவெளியில் நடக்கும் ஜாஸ் விழாவில் ஃபிட்ஸ்ஜெரால்ட் அடுத்தடுத்து இரண்டு இரவுகள் பாடினார். டிரம்பெட்டில் ராய் எல்ட்ரிட்ஜ், பாஸில் பில் யான்சி, டிரம்ஸில் கஸ் ஜான்சன், பியானோவில் ஃபிளானகன்.

கோடை இரவின் சில்வண்டுகள் மரங்களிலிருந்து ஓயாமல் இரைந்தன. மூடிய அரங்கில் இருமல் சத்தத்துக்கே முகம் சுளிக்கும் பாடகர்கள் உண்டு. ஃபிட்ஸ்ஜெரால்டோ அந்த இரைச்சலையே பொருளாக எடுத்துக்கொண்டு, சில்வண்டுகளைப் பற்றி மேடையிலேயே ஒரு பாட்டை இட்டுக்கட்டினார். ‘கிரிக்கெட் சாங்’ என்ற பெயரில் அது பின்னர் வெளிவந்த தட்டிலும் இடம்பெற்றது.

எழுதிய தாள் இல்லை, ஒத்திகை இல்லை, பாட்டு அடுத்த வரியில் எங்கே திரும்பும் என்பது பாடுபவருக்கே முழுதாகத் தெரியாது. அப்படிப்பட்ட பாட்டுக்கும் பின்னணி ஒன்று உடனே அமைந்துவிடுகிறது. கேட்பவர் கவனம் பாடகியின் குறும்பில் நிற்கிறதே தவிர, அந்தக் குறும்பைச் சாத்தியமாக்கியவர்களின் மேல் திரும்புவதில்லை.

பக்கவாத்தியக்காரரின் வெற்றி கவனிக்கப்படாமல் போவதில் இருக்கிறது என்றால், ஃபிளானகனின் வெற்றி அந்த இரவில் முழுமையானது. அவருடைய தொழில் வாழ்வின் இழப்பும் அதே முழுமையிலிருந்து பிறந்தது.

* * *

விலகலும் திரும்புதலும்

1965-இல் ஃபிளானகன் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவிலிருந்து விலகினார். அங்கே ஜிம்மி ஜோன்ஸ் வந்தமர்ந்தார். ஆனால் தலைமைக் கலைஞராகும் வாய்ப்பு எதுவும் ஃபிளானகனுக்காகக் காத்திருக்கவில்லை. 1966-இல் அவர் வாசித்ததும் இன்னொரு பாடகருக்கே. இம்முறை டோனி பென்னட்.

1968-இல் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் திரும்பிய அவர், அடுத்த பத்தாண்டுகள் அந்தப் பியானோவை விட்டு எழவில்லை.

அவை பாடகிக்கே சோதனையான ஆண்டுகள். இளம் ரசிகர்களைத் தக்கவைக்கும் முயற்சியில் அவர் ராக் பாட்டுகளையும் எடுத்துப் பாடினார். 1969-இல் வெளியான தட்டில் பீட்டில்ஸ் குழுவின் ‘ஹே ஜூட்’ இடம்பெற்றதும் அந்த முயற்சியின் பகுதியே. 1970-களின் தொடக்கத்தில் கண் பார்வைக் கோளாறும் அவரை வருத்தியது.

பட்டியலில் எந்தப் பாட்டு வந்தாலும், பாடகியின் உடல்நிலை எப்படி இருந்தாலும், மேடையில் மாறாமல் இருக்க வேண்டியது பின்னணி. ஆண்டின் பெரும்பகுதியை விமானங்களிலும் விடுதிகளிலும் கழித்தபடி, பாஸில் கீட்டர் பெட்ஸும் டிரம்ஸில் பாபி டர்ஹாமும் சேர்ந்த பின் ஏறக்குறைய ஒரே உடலாகவே இயங்கிய ஒரு மூவர் குழுவை ஃபிளானகன் நடத்தினார்.

அந்தக் குழுவுக்கு ஒரு சலுகை இருந்தது. பாடகி மேடைக்கு வருமுன், மூவரும் தனியாகச் சில உருப்படிகள் வாசிப்பது வழக்கம். கூட்டம் இன்னும் இருக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களே, பல ஆண்டுகளுக்கு, தலைமைக் கலைஞர் ஃபிளானகனின் முழு மேடையாக இருந்தன.

* * *

டோக்கியோ, 1975 பிப்ரவரி 15

திருப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. 1973-இல் பாப்லோ என்ற புதிய பதிவு நிறுவனத்தைத் தொடங்கியிருந்த நார்மன் கிரான்ஸ், வேகமாகப் பெருகிய ஜாஸ் கச்சேரிகளை அந்தந்த இடத்திலேயே பதிவுசெய்து தட்டுகளாக வெளியிட்டுவந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பின்னால் அன்றாடம் ஒலித்துக்கொண்டிருந்த மூவர் குழுவும் அந்தத் திட்டத்துக்குள் வந்தது.

டோக்கியோவில் பெட்ஸ், டர்ஹாம் ஆகியோருடன் ஃபிளானகன் பதிவுசெய்தவை அனைத்தும் ட்யூக் எலிங்டன், பில்லி ஸ்ட்ரேஹார்ன் இருவரின் உலகைச் சேர்ந்தவை. ஸ்ட்ரேஹார்ன் 1967-இல் மறைந்திருந்தார். எலிங்டன் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எலிங்டனின் குழுவுக்குப் பின்னால் நின்று அதன் இசையில் பெரும்பங்கை எழுதியும் அவருடைய நிழலிலேயே நின்றவர் ஸ்ட்ரேஹார்ன் என்பதை நினைத்தால், 15 ஆண்டுகளுக்குப் பின் தம் பெயரில் வரும் முதல் தட்டுக்கு ஃபிளானகன் தேர்ந்த பொருள் தற்செயலாகத் தோன்றவில்லை.

அதில் ‘செல்சி பிரிட்ஜ்’ என்ற ஸ்ட்ரேஹார்ன் உருப்படியும் ஒன்று. 1957 ஆகஸ்டில், ஸ்டாக்ஹோமில், 27 வயது ஃபிளானகன் தம் முதல் மூவர் குழுத் தட்டுக்காக வாசித்ததும் அதையேதான். இரண்டுக்கும் இடையிலான 18 ஆண்டுகளில் பெரும்பகுதி பாடகியின் பின்னால் கழிந்திருக்க, அந்தப் பயிற்சி பிந்தைய வாசிப்பில் கேட்கிறது: கற்பனைச் சுரங்கள் பாடக்கூடிய நீளத்தில் நின்று மூச்சுவிடுகின்றன, வலக்கை மெட்டைச் சொல்லும்போது இடக்கை, முன்னால் ஒரு குரல் இருப்பதைப் போலவே, அதற்கு இடம் விட்டு விலகி நிற்கிறது. தமக்குத் தாமே பக்கவாத்தியம் வாசிக்கும் கலைஞராக அவர் மாறியிருந்தார்.

* * *

ஒரே உடலில் இரண்டு வாழ்க்கை

அணை திறந்தது போல அடுத்த மூன்று ஆண்டுகளில் பதிவுகள் குவிந்தன. 1977 பிப்ரவரியில், ஸ்டாக்ஹோம் தட்டில் டிரம்ஸ் வாசித்த பழைய டெட்ராய்ட் தோழர் எல்வின் ஜோன்ஸுடன் அவர் மீண்டும் இணைந்தார். பாஸில் செக் நாட்டிலிருந்து வந்த ஜார்ஜ் ம்ராஸ்.

ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்த்ரோ விழா. 13-ஆம் தேதி மூவர் குழு தன் பெயரிலேயே மேடையேறி ஒரு தட்டைப் பதிவுசெய்தது. மறுநாள் அதே மூவர் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாசித்தனர். அந்தத் தட்டின் அட்டையில் பாடகியின் பெயருடன் ‘டாமி ஃபிளானகன் மூவர் குழு’ என்பதும் சேர்த்தே அச்சாயிற்று. பின்னட்டையின் சிறிய எழுத்திலிருந்து பெயர் முன்னட்டைக்கு வந்துவிட்டது.

1978 ஜனவரியில் ஹாங்க் ஜோன்ஸும் ஃபிளானகனும் இரண்டு பியானோக்களில் எதிரெதிரே அமர்ந்து ஒரு தட்டுப் பதிவுசெய்தனர். ஒரே பாடகிக்கு வெவ்வேறு காலத்தில் துணை நின்ற இருவரும், இருபது விரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் வாசிப்பது எப்படி என்பதை அங்கே காட்டினர். விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே இணைந்து வாசிக்கக்கூடிய வடிவம் அது.

ஆனால் பாடகியுடனான பயணங்கள் குறையவில்லை. ஒரு வாழ்க்கைக்கு மேல் இன்னொரு வாழ்க்கை ஏற்றப்பட்டதே தவிர, முந்தையது இறக்கி வைக்கப்படவில்லை. புகையும் மதுவும் இரவு விழிப்பும் இந்தச் சுமையோடு சேர்ந்தன.

1978-இல் ஃபிளானகனுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 48.

* * *

எழுந்து போனவர்

உயிர் பிழைத்த அவர் புகைப்பதை நிறுத்தினார், மதுவைக் குறைத்தார், நடைப்பயிற்சியை வழக்கமாக்கிக்கொண்டார். உடல் விதித்த மாற்றங்களோடு தொழிலிலும் ஒரு முடிவு தேவைப்பட்டது. மருத்துவ ஓய்வுக்குப் பின் பழைய பியானோவுக்கே திரும்புவது எளிது. பத்தாண்டுகளாகத் தொடர்ந்த சம்பளம் அங்கே இருந்தது, அவரை முழுதாக அறிந்த பாடகியும் இருந்தார். ஓயாத பயணத்தால் களைத்திருந்த ஃபிளானகன் திரும்பவில்லை. முன்னரும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாசித்திருந்த பால் ஸ்மித் மீண்டும் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

ஃபிளானகன் வெளியேறி நுழைந்த உலகம் தெளிவான முகத்தைக் காட்டவில்லை. ஒருபுறம், மின் விசைப்பலகைகளும் ராக் தாளங்களும் கலந்த ஃப்யூஷன் இசையே அந்தப் பத்தாண்டின் விற்பனைச் சரக்காக இருந்தது. மறுபுறம், பல ஆண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்த சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் 1976 இறுதியில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் மன்றத்துக்குத் திரும்பியபோது கிடைத்த வரவேற்பு, மின்விசையில்லாத பழைய ஜாஸுக்குக் காது கொடுப்போர் இன்னும் இருப்பதைக் காட்டியிருந்தது.

கூட்டத்தை அழைத்துவர இனி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெயர் இல்லை. முன்னே சில நிமிடங்கள் வாசித்து ஒதுங்குவதற்குப் பதிலாக, இரவு முழுவதும் மேடையைத் தாங்க வேண்டும். எந்த உருப்படி, எந்த வேகம், எங்கே நிறுத்தம் என்பவற்றை இதுவரை இன்னொருவர் மூச்சைக் கேட்டுத் தீர்மானித்தவர், அவற்றையெல்லாம் இனித் தாமே தொடங்கிவைக்க வேண்டும்.

துணை நிற்பதில் கிட்டிய தேர்ச்சி தலைமைக்கு உரமாகுமா, அல்லது முன்னால் ஒரு குரல் இல்லாத வெளியில் அது செயலற்றுப் போகுமா? நியூயார்க்கின் ஒரு சிறிய மன்றத்தில், நோயிலிருந்து எழுந்துவந்த 48 வயதுப் பியானோ கலைஞரை மட்டுமே கேட்பதற்கென்று எத்தனை பேர் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள்?

(தொடரும்)